ஏலம் முடிந்த பிறகு

ஸ்ரீமுஷ்ணம் கடைத்தெருவில் நான் தினமும் போய் உட்காரும் டீக்கடையில் காலை வேளையில் பத்துப் பேர் கூடுவது வழக்கம். அவர்களில் ஒருவராவது தமது ஆயுளில் ஏரி மீன் குத்தகையைத் தவிர வேறெதையும் ஏலத்தில் எடுத்தவர் அல்லர். ஆனால் எந்தக் கிரிக்கெட் ஆட்டக்காரரை எத்தனை கோடிக்கு எடுத்திருக்க வேண்டும், எவரை விட்டிருக்கவே கூடாது என்ற விஷயத்தில் அந்தப் பத்துப் பேருக்கும் எள்ளளவும் சந்தேகம் கிடையாது. சென்னை சூப்பர் கிங்ஸ் நிர்வாகம் எங்கள் கடைக்கு ஓர் ஆளை அனுப்பி, ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிடச் செய்திருந்தால் இந்நேரம் பதினேழு கோப்பைகள் வாங்கியிருக்கலாம் என்பது பொது அபிப்பிராயம்.

2025-ஆம் வருஷம் நவம்பர் 15-ஆம் தேதி காலையில் அந்தக் கடையில் சாவு வீட்டின் களை இருந்தது. ரவீந்திர ஜடேஜாவையும் ஸாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து சஞ்சு சாம்ஸனை வாங்கிக்கொண்டார்கள் என்ற செய்தி அன்றுதான் வந்தது. ஒருவர் தம் செல்போனைத் திரும்பத் திரும்பப் பார்த்தார், எழுத்து மாறிவிடும் என்பதுபோல. இன்னொருவர், "வீட்டில் பிறந்த பிள்ளையைத் தத்துக் கொடுத்த மாதிரி இருக்குதப்பா" என்றார்.

ஜடேஜா வீட்டில் பிறந்த பிள்ளை அல்லர் என்பதை நான் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. 2012-இல் அவரை எடுக்கச் சென்னையும் ஹைதராபாத்தின் டெக்கான் அணியும் போட்டி போட்டு, இரண்டும் 20 லட்சம் டாலர் என்ற உச்சவரம்பில் போய் முட்டி நின்றன. அப்புறம் இரு கட்சிகளும் ரகசியமாக ஒரு தொகையை எழுதிக் கொடுக்க, அதிகம் எழுதிய சென்னைக்கு ஆள் கிடைத்தார். அன்றைக்கு இதே பெஞ்சில், ஏறக்குறைய இதே மனிதர்கள்தாம், "இந்தப் பையனுக்கா இத்தனை விலை? பணம் கொழுத்துப் போச்சு" என்று பேசினார்கள். நானும் பேசினேன். 2023 இறுதி ஆட்டத்தில், நள்ளிரவு தாண்டி, கடைசி இரண்டு பந்துகளில் ஒரு ஸிக்ஸரும் ஒரு ஃபோரும் அடித்து அவர் கோப்பையை வாங்கிக் கொடுத்த மறுநாள் அந்தப் பேச்சு யாருக்கும் ஞாபகமில்லை. நடந்து முடிந்ததற்கு யோசனை சொல்கிற தொழிலில் இது ஒரு பெரிய சௌகரியம். நாம் முன்பு சொன்ன யோசனைக்கு ரசீது கிடையாது.

அன்று மத்தியானம் நான் விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே என் சிநேகிதன் ஒருவன் சின்னதாகச் செராமிக் பட்டறை வைத்திருக்கிறான். என்னோடு பள்ளியில் படித்தவன். அவனிடம் பேசினால்தான் எனக்குக் கிரிக்கெட் பேசியதாகத் திருப்தி. கடையில் இருப்பவர்கள் எல்லாரும் தோனியின் பக்தர்கள். அவன் ஒருவன்தான் அஸ்வினின் வக்கீல்.

அஸ்வின் வழக்கு இன்னதென்று தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

2008 பிப்ரவரி 20-ஆம் தேதி பம்பாயில் முதல் ஏலம் நடந்தது. ஒவ்வொரு அணிக்கும் 50 லட்சம் டாலர் செலவு வரம்பு. மும்பைக்கு டெண்டுல்கர், கல்கத்தாவுக்குக் கங்குலி, பெங்களூருக்கு டிராவிட் என்று சில ஊர்களுக்குத் தங்கள் ஊர்ப் பெரிய ஆட்டக்காரரை ஏலமில்லாமலே வைத்துக்கொள்ளும் உரிமை இருந்தது. நமக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள அப்போது ஆளில்லை. அது ஒரு குறை என்று பத்திரிகைகளில் படித்து வருத்தப்பட்டது நினைவிருக்கிறது. ஆனால் அந்த உரிமைக்கு ஒரு வால் இருந்தது: சொந்த ஊர்ப் பெரியவருக்கு, ஏலத்தில் அந்த அணி எடுக்கும் மிக உயர்ந்த விலைக்காரரைவிட நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூடுதலாகத் தரவேண்டும். ஆகவே மும்பை தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்தால் டெண்டுல்கருக்கு 17 லட்சத்துச் சொச்சம் எடுத்து வைக்க வேண்டும். மிச்சப் பணத்தில் ஒன்பது ஆள்கூடத் தேறாது. ஆளில்லாத சென்னைக்குக் கையும் கட்டில்லாமல் இருந்தது. 15 லட்சம் டாலருக்குத் தோனி வந்தார். இல்லாமையால் வந்த லாபம் அது. நம் ஏழை வீடுகளில் இப்படி எப்போதாவது நடப்பதுண்டு.

அந்த லாபத்தின் மறுபக்கம் தினேஷ் கார்த்திக். சென்னைக்காரர், விக்கெட் கீப்பர், இந்தியாவுக்கு ஆடியவர். தம்மைத்தான் சென்னை எடுக்கும் என்று நம்பியிருந்தார். தோனியை எடுத்த வீட்டில் இன்னொரு கீப்பருக்கு இடம் ஏது? அந்த ஏமாற்றத்தை அவரே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். டெல்லி, பஞ்சாப், மும்பை, பெங்களூர், குஜராத், கல்கத்தா என்று தேசம் முழுவதும் ஆடினார். ஒரு நாள்கூடச் சென்னைக்கு ஆடவில்லை. 2025-இல் பெங்களூர் முதல் முறையாகக் கோப்பை வாங்கியபோது அதன் மட்டையாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர்தான். தோனியை எடுத்தது பிசகு என்று எங்கள் கடையில் சொன்னால் டீ கிளாஸ் பறக்கும். நானும் அப்படிச் சொல்லமாட்டேன். ஆனாலும் சரியான தீர்மானத்தின் அடியில் ஒரு மனிதர் நசுங்குவதுண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி அஸ்வின். 2011 இறுதி ஆட்டத்தில், சேப்பாக்கத்தில், முதல் ஓவரிலேயே கிறிஸ் கெய்லை ரன் எடுக்காமல் அனுப்பியவர் அவர். கோப்பை அந்த ஓவரிலேயே முடிவாகிவிட்டது என்பார்கள். சென்னை அணி 2016, 2017 இரண்டு வருஷம் தடையில் கிடந்து 2018-இல் திரும்பி வந்தபோது தோனியையும் ரெய்னாவையும் ஜடேஜாவையும் ஏலத்துக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டது. மீதிப் பேர் ஏலத்துக்குப் போனார்கள். யாராவது ஒரு விலை சொன்னால், அதே விலைக்குப் பழைய ஆளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகைச் சீட்டு இரண்டு கையில் இருந்தது. அஸ்வினை எடுக்க முயல்வோம் என்று தோனியே முன்கூட்டிச் சொல்லியிருந்தார். ஏலத்தின் முதல் வரிசையிலேயே அஸ்வின் பெயர் வந்தது. பஞ்சாப் 7 கோடியே 60 லட்சம் சொன்னது. சீட்டு எழும்பவில்லை. ஒரு சீட்டு 1 கோடியே 60 லட்சத்துக்கு டூ பிளெஸிஸுக்கும், மற்றொன்று 6 கோடியே 40 லட்சத்துக்குப் பிராவோவுக்கும் செலவாயின.

"கையிலே ரெண்டு சீட்டு இருந்திச்சுடா. ரெண்டும் வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க" என்று என் சிநேகிதன் ஏழெட்டு வருஷமாகச் சொல்லி வருகிறான். சொல்லும்போது தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்வான். அதில் எப்போதும் களிமண் காய்ந்திருக்கும்.

இந்த வழக்கில் அவனுடைய கட்சிக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. அஸ்வினை விட்ட அந்த 2018-ஆம் வருஷமே சென்னை கோப்பையை வாங்கிவிட்டது. வயசான அணி என்று ஊரெல்லாம் பரிகசித்தது. 4 கோடிக்கு எடுத்த ஷேன் வாட்ஸன் இறுதி ஆட்டத்தில் 117 ரன் அடித்து எல்லார் வாயையும் மூடினார். தோற்றிருந்தால் அஸ்வினை விட்டதுதான் காரணம் என்று தேசமே சொல்லியிருக்கும். வென்றதால் அந்தக் கேள்வியைக் கேட்கிறவன் பைத்தியக்காரனாகிவிட்டான். வென்றுவிட்டால் தீர்மானம் சரி என்று ஆகிவிடுமா? எனக்கு இதில் வெகு நாளாகச் சமாதானமில்லை. குடித்துவிட்டு லாரி ஓட்டியவன் பத்திரமாக ஊர் சேர்ந்தால், அவன் குடித்தது சரி என்று யாரும் சொல்வதில்லையே.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் கூடைப்பந்து ரசிகர்கள் நாற்பது வருஷமாக ஒரு கதையைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். 1984-இல் புது ஆட்டக்காரர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் நாளில், இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கும் முறை போர்ட்லாண்ட் அணிக்கு வந்தது. அவர்கள் ஸாம் போவி என்ற நெட்டை மனிதரை எடுத்தார்கள். மூன்றாவதாக வந்த சிகாகோ மைக்கேல் ஜோர்டனை எடுத்து, பின்னால் ஆறு முறை பட்டம் வென்றது. போவியின் காலோ முறிவதும் கூடுவதுமாகவே இருந்தது. மடத்தனம் என்று சிரிக்கிறோம். ஆனால் ஜோர்டன் ஆடும் அதே இடத்துக்கு அவர்கள் முந்தின வருஷம்தான் கிளைட் டிரெக்ஸ்லர் என்ற அபாரமான ஆட்டக்காரரை எடுத்திருந்தார்கள். இல்லாத இடத்துக்கு ஆள் தேடினார்கள். சம்சாரி வேறென்ன செய்வான்? வீட்டில் அரிசி இருக்கிறது, உப்பு இல்லை, உப்பு வாங்கினான்.

நம்மூர்ச் சாய் சுதர்சன் விஷயமும் அப்படித்தான். 2022 ஏலத்தில் அவரைக் குஜராத் 20 லட்சத்துக்கு எடுத்தது. மறு வருஷம் உள்ளூர்ப் போட்டியான டி.என்.பி.எல். ஏலத்தில் கோவை அணி 21 லட்சத்து 60 ஆயிரம் கொடுத்தது என்றால் எவ்வளவு மலிவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2023 இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தபோது எங்கள் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். 2025-இல் போட்டியிலேயே அதிகமான 759 ரன் அவருடையது. "சேப்பாக்கம் வாசலிலே வளர்ந்த பிள்ளை! கண்ணு தெரியலையா இவங்களுக்கு?" என்கிறார்கள். கண் தெரியாதவர்கள் இவர்கள் மட்டுமா? குஜராத்தைத் தவிர ஒன்பது அணிகள் அந்த அறையில் உட்கார்ந்திருந்தன. அப்புறம், சென்னை எடுத்திருந்தால் அவர் எங்கே ஆடியிருப்பார்? முன்னால் கெய்க்வாடும் கான்வேயும் நின்றிருந்தார்கள். இரண்டு வருஷம் மஞ்சள் சட்டையில் தண்ணீர் பாட்டில் சுமந்துவிட்டு, கோவைக்குத் திரும்பியிருக்கவும் கூடும். அந்த 96 ரன் குஜராத்தில் விளைந்தது. பெயர்த்து நட்டால் விளையுமென்று யார் ஜாமீன்?

இப்படி நான் நியாயம் பேசும்போதெல்லாம் சிநேகிதன் ஒன்று கேட்பான். "சரி, வேண்டாம்னு சொன்னாங்க, அதுக்கு நியாயம் இருக்கட்டும். அந்தாளு கிட்டே முன்னாடியே சொன்னாங்களா?"

இந்தக் கேள்வி வந்ததும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஏன் என்று அவனுக்கும் தெரியும். அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்தேன். கோடிகளைச் சொல்லிக்கொண்டு இத்தனை பக்கம் ஓட்டிவிட்டேன்.

2002-ஆம் வருஷம் மே மாதம். எனக்குக் கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றுபோன வருஷம். வேலை கிடையாது, அதனால் எங்கள் தெருக் கிரிக்கெட் குழுவுக்குக் காப்டனும் காரியதரிசியும் நானே. வறண்ட ஏரிக்குள் டென்னிஸ் பந்துப் பந்தயம். முதல் பரிசு 3,001 ரூபாயும் இடுப்பளவு உயரக் கோப்பையும். நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்ததற்குக் காரணம் என் சிநேகிதன். மெதுவாகப் பந்து போடுவான். டென்னிஸ் பந்தில் சுழலாது என்பார்கள். அவன் கையில் சுழலும். எதிர்க்குழுவில் ஓர் இடக்கை ஆசாமி, ஏரிக்கரை தாண்டி அடிப்பவன். மெதுப்பந்து போட்டால் பந்து திரும்பி வராது என்று நாலு பேர் பயமுறுத்தினார்கள். நான் பயந்தேன். சிதம்பரத்திலிருந்து வேகமாகப் போடுகிற ஒருவனைக் 'கெஸ்ட்'டாக ஏற்பாடு செய்தேன். வெளியாள் ஒருவனுக்கு அனுமதி உண்டு.

சிநேகிதனிடம் சொல்லவில்லை. இதோ சொல்லலாம், அதோ சொல்லலாம் என்று இரண்டு நாள் போயிற்று. காகிதத்தில் பதினோரு பேரை எழுதி வாசித்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வந்திருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. அம்பயருக்கு ஆள் குறைகிறதென்று யாரோ சொல்ல, பக்கவாட்டு அம்பயராகப் போய் நின்றான்.

ஆட்டம் இறுகியிருந்த சமயம். அந்த இடக்கை ஆசாமி ரன்னுக்கு ஓடி வரும்போது பந்து என் கைக்கு வந்தது. நான்தான் கீப்பர். ஸ்டம்பைத் தட்டிவிட்டு ஊரே அதிரக் கத்தினேன். சிநேகிதன் தலையசைத்து, இல்லை என்றான். மட்டை கோட்டுக்குள் வந்துவிட்டது. அதை என்னைவிடக் கிட்டத்தில் பார்த்தவன் யாருமில்லை.

ஏரிக்கரையிலிருந்து வசவு கிளம்பியது. "டீம்ல சேக்கலேன்னு பழி வாங்கறான்!" என்றார்கள். அவன் தாயாரை இழுத்தார்கள். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அவனை அடிக்கக்கூடப் போனார்கள். 'அவன் சொன்னது சரி' என்று நான் மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஸ்டம்பைக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தேன். நடுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் ஜெயித்தோம். கெஸ்ட் அடுத்த ஓவரிலேயே அந்த இடக்கையனின் ஸ்டம்பைப் பெயர்த்தான். காப்டனின் புத்திசாலித்தனத்தை ஊர் மெச்சியது. கெஸ்ட் பணத்தை வாங்கிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் போனான். அவன் பேர்கூட இன்று எங்களில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. சிநேகிதன் அப்புறம் ஆட வரவில்லை. ஆடி மாதம் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவன் அங்கே போனது நல்லதாயிற்று, இன்று சொந்தச் சூளை வைத்திருக்கிறான் என்று நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டதுண்டு. ஷேன் வாட்ஸனின் 117 ரன்னைப் போல.

நவம்பரில் நான் போனபோது அவனுக்கு மூச்சு விட நேரமில்லை. கார்த்திகைக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. அகல் விளக்குக்கு எல்லா ஊரிலிருந்தும் கேட்கிறார்கள். மழையோ விட்டபாடில்லை, பச்சைச் சாமான் காயமாட்டேன் என்கிறது. பூவராகசுவாமி கோயிலிலிருந்து கொண்டுபோயிருந்த கோரைக்கிழங்குப் பிரசாதத்தைக் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, ஓரம் உடைந்த பச்சை அகல்களைப் பொறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் எறிந்துகொண்டே பேசினான். சுடாதது கரைந்து மறுபடி மண்ணாகிவிடும். சூளையிலிருந்து விண்டு வந்தவை வாசலில் குவிந்து கிடந்தன. அவற்றை என்ன செய்தாலும் மண்ணாக்க முடியாது.

ஜடேஜாவைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டினான். பேச்சு வழக்கம்போல அஸ்வினுக்கு வந்தது. 2024 நவம்பரில் சென்னை அவரை 9 கோடியே 75 லட்சம் கொடுத்துத் திரும்ப அழைத்துக்கொண்டபோது என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டவன் அவன். பழைய பிசகைத் திருத்திக்கொண்டார்கள் என்றான். ஆனால் அஸ்வினுக்கு அப்போது வயது 38. ஒன்பது ஆட்டத்தில் ஏழு விக்கெட். அணி பதினாலில் நாலே ஆட்டம் ஜெயித்து, சரித்திரத்தில் முதல் முறையாகக் கடைசி இடத்துக்குப் போயிற்று. ஆகஸ்டு மாதம் அவர் அந்தப் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார்.

"கூப்பிட்டது தப்பு என்கிறாயா?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டாங்களே" என்றான்.

வெளியே மழை வலுத்தது. பையன் ஒருவன் வந்து தார்ப்பாயை இழுத்து மூடினான். எனக்கு என்ன தோன்றிற்றோ, இருபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு, "அன்னிக்கு ஏரியிலே அது அவுட் இல்லேடா. எனக்குத் தெரியும்" என்றேன்.

அவன் கையிலிருந்த அகலைத் திருப்பிப் பார்த்தான். ஓரம் சரியாக இருந்தது, பலகையில் வைத்தான்.

"அந்தக் கெஸ்டுக்கு எவ்வளவு குடுத்தே?"

"முந்நூறு. பஸ் சார்ஜ் தனி."

"அதிகம்" என்றான் அவன். பிறகு சூளைக்கு விறகு போதுமா பார்க்கச் சொல்லிப் பையனைக் கூப்பிட்டான்.